அண்ணி எழுதாத கடிதம்

இன்று காலை கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் மினி பஸ் ஏறினேன். பக்கத்து இருக்கைப் பெண் நெற்றியில் தைலம் தேய்த்துக்கொண்டாள். அந்த வாடை பட்டதும் உன் ஞாபகம் வந்துவிட்டது. இறங்க வேண்டிய இடத்தை மறந்து இரண்டு நிறுத்தம் தள்ளிப் போய்விட்டேன்.

எலெக்ட்ரானிக் ஃபேக்டரியில் நாம் வேலை செய்தபோது உன் கைப்பையில் எப்போதும் ஒரு தைலப் புட்டி இருக்கும். நாள் முழுக்க மைக்ரோஸ்கோப்பில் குனிந்து முடியளவு கம்பியை ஒட்டினால் யாருக்குத்தான் தலை வலிக்காது? ஒரு நாள் லைனிலேயே மயங்கி விழுந்தாய். நான்தான் கிள்ளானில் உன் வீடுவரை கொண்டுவந்து விட்டேன். வீட்டில் உன் அண்ணியிடம் மட்டும் சொன்னோம்.

உனக்கு வந்த அம்பாங் மாப்பிள்ளை முதலில் என்னைப் பெண் பார்த்து வேண்டாம் என்று போனவர். உன்னை அவருக்குப் பிடித்துப்போய்க் கல்யாணமும் நிச்சயமானது. எனக்கு வயிறு எரிந்தது, வேறென்ன சொல்ல! பெண்ணுக்குக் காக்காய் வலிப்பு என்று இடது கையால் கோணல்மாணலாக எழுதி, பெயர் போடாமல் அவர் வீட்டுக்கு அனுப்பினேன். கல்யாணம் நின்றது. அதன்பிறகு உனக்கு வேறு இடம் அமையவே இல்லை.

நீ மயங்கியது அண்ணிக்குத்தானே தெரியும் என்று எல்லோரும் அவரைப் பிடித்துக்கொண்டார்கள். சாமி முன்னால் எரிந்த கற்பூரத்தைக் கையால் அடித்து அணைத்து, "சத்தியமா நான் எழுதல" என்று அழுதார். நீ நம்பவில்லை. உன் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். வாயைத் திறக்கவில்லை. அண்ணனும் அண்ணியும் பூச்சோங்குக்குக் குடிபோய்விட்டார்கள். அவரோடு நீ மறுபடி பேசவே இல்லை.

பன்னிரண்டு வருடம் கழித்து எனக்கு ஞானஸ்நானம் ஆனது. "யாருக்கு என்ன தப்பு செஞ்சிருந்தாலும் நேர்ல போய்ச் சரிபண்ணிட்டு வாங்க சிஸ்டர்," என்றார் பாஸ்டர். ரவிக்கையைப் பிரித்துத் தைப்பதுபோல அவ்வளவு லேசாகச் சொன்னார். நானும் நம்பிக் கிளம்பி வந்தேன்.

கோப்பி கலக்கிக் கொடுத்தாய். எல்லாவற்றையும் சொன்னேன். நீ என்னைத் திட்டவே இல்லை.

"அப்போ அண்ணி?" என்றாய்.

அண்ணி இறந்து ஆறு மாதம் ஆகியிருந்தது.

"அண்ணன் வந்து கூப்பிட்டுச்சு. முகம் பார்க்கக்கூட நான் போகலடி."

உளறினேன். "ஆண்டவர் என்னை மன்னிச்சிட்டாரு. நீயும்…"

"உன்னை மன்னிச்சிட்டாரு, சரி லா. என்னை யாரு மன்னிக்கிறது?"

என் சுமையை இறக்க வந்தவள் அதை உன் தலையில் வைத்துவிட்டுப் போனேன். அண்ணனிடம் நானே போய்ச் சொல்கிறேன் என்றேன். "நீ சொல்லாத. நான்தான் சொல்லணும்," என்றாய். அதன்பிறகு மாதா மாதம் வந்தேன். நீயும் மாதா மாதம், "அடுத்த வாரம் போறேன்" என்றாய். சொல்லாமலே போய்ச் சேர்ந்தாய்.

உன் காரியம் முடிந்த அன்று அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"கடைசிவரைக்கும் தங்கச்சிகூட இருந்தது நீங்கதாம்மா. உண்மையைச் சொல்லுங்க. என் பொண்டாட்டி அப்படி எழுதியிருப்பாளா?"

"இல்லண்ணே. அவங்க எழுதல."

என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதார். "நீங்க ஒருத்தராவது அவளை நம்புனீங்களேம்மா. ரொம்ப நன்றி."

அந்த நன்றியையும் வாங்கிக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தேன்.