கையளவு மண்டியும் ஆறு சாடி நறவும்

திரு நிலைபெறுக. பகை நடுங்கும் வேலும் மழை நாணும் கொடையும் உடைய குன்றியாற்று நாட்டுப் பேரரசர் மாறங்கோ அடிகளின் முதலமைச்சன் கொற்றன் விடுக்கும் ஓலை. எல்லைப் பாசறையில் தானையோடு தங்கியிருக்கும் தண்டநாயகர் இளங்காரியார் இதை நலமுடன் பெற்று, வாளைச் சற்றுத் தள்ளி வைத்துவிட்டுப் படிக்க.

இன்றைக்கு ஏழாம் நாள் வரையூர் வேந்தர் எல்லைக்கு எழுந்தருள்வார் என்பதும், இரு வேந்தரும் ஒரே சாடி நறவைப் பருகிச் சமாதான ஆணையிடுவர் என்பதும், தலைக்கேறாத மதுவின் மேல் இட்ட ஆணையை அவர் குலத்தார் மதிப்பதில்லை என்பதும், நறவு மெலிந்தால் அன்றே போர் என்பதும் தங்கள் ஓலையால் அறிந்தோம். அப்படியானால் மது வடிக்கும் சாத்தியின் தலை முதலில் உருள வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். அத்தலை இப்போதைக்கு அவள் கழுத்தின் மேலேயே இருக்கட்டும். குற்றம் அவளுடையதன்று.

ஆறு சாடி முளைநெற்சாற்றைப் பொங்கவைக்கப் போதுமான மண்டியை, அதாவது பழைய மதுவின் அடியில் படியும் புளிப்பை, ஒரு குடம் நிறைய அவள் பேணி வைத்திருந்தாள். சமாதான மதுவுக்குத் தாய்க்குடம் அல்லவா என்று புரோகிதர் அதை முரசு முழங்க அரசவைக்குக் கொண்டுவரச் செய்தார். அவைக்கு வந்த எதையும் வரிசைப்படி பங்கிட்டுக்கொள்வது நம் வழக்கம். புரோகிதர் ஓர் அகப்பை, கருவூலத் தலைவர் ஓர் அகப்பை, யானைப்படைத் தலைவர் தம் உடலுக்கேற்ப நான்கு அகப்பை என ஐந்து பெரியோர் பெற்றுக் கண்ணில் ஒற்றிக்கொண்டனர். நாமும் பெற்றோம், மறைப்பதற்கில்லை. மறுநாள் திருப்பிக் கேட்டபோது, புரோகிதருடையது சந்தனத்தோடு குழைந்து பூசையறையில் காய்ந்திருந்தது. எம் வீட்டில் ஆப்பமாகிவிட்டது. ஆப்பம் நன்றாகவே இருந்தது.

எஞ்சியது கையளவு. அதையே சாடிகளில் கொட்டிவிட்டுத் தெய்வத்தின் மேல் பாரத்தைப் போடலாம் என்றார் கருவூலத் தலைவர். சாத்தி அவரை மேலும் கீழும் பார்த்தாள். கைக்குழந்தை தலையில் ஆறு மூட்டை ஏற்றினால் நடக்குமா சாமி என்றும், அவ்வளவு இனிப்பில் இது மூச்சுமுட்டிச் சாகும் என்றும், நீர்த்த சாறு ஊட்டிக் கலயத்தில் ஒரு நாள், குடத்தில் ஒரு நாள், தொட்டியில் ஒரு நாள் எனப் பெருக்கினால்தான் ஆறு சாடிக்குக் காணும் என்றும், அதன்பின் தலைக்கேறும் பதத்துக்கு ஆறு நாள் ஆகும் என்றும், அவசரமென்றால் சாமியே உள்ளே இறங்கிக் கலக்கட்டும் என்றும் தெரிவித்தாள்.

ஆக ஒன்பது நாள். இருப்பது ஏழு. கலயத்துக்கு இன்று காலைதான் ஊட்டினாள். இதை எழுதும்வரை ஒரு குமிழிகூட எழவில்லை. அவள் அதன் அருகைவிட்டு எழவில்லை. அரசவையோர் எவரும் பத்தடிக்குள் வராதபடி வேலேந்திய இருவரை நிறுத்தியுள்ளோம். எமக்கும் அனுமதி இல்லை.

இரண்டு நாள் வேண்டும். மழை, நோய், கிரகணம் எதைச் சொன்னாலும் வரையூரார் சூழ்ச்சி என்பர். ஆகவே மேற்படி ஐந்து பெரியோரையும் இவ்வோலையோடு அனுப்புகிறோம். வேந்தர் ஆணையிடும் பந்தலுக்குள் எவர் குடை முதலில் நுழைவது என்று, வரையூர்ப் பெரியோர் காதில் விழும்படி அவர்களிடம் கேட்டுவிட்டுத் தாங்கள் விலகி நிற்க. மற்றதை அவர்களே பார்த்துக்கொள்வர். அங்கும் இத்தகையோர் ஐவர் உண்டென்று ஒற்றர் சொல்கின்றனர்.

பேரரசர் இலச்சினை இட்டுக் கொற்றன் கைச்சாத்து. ஒன்பதாம் நாள் மாலை சாடிகள் வந்து சேரும்வரை அப்பெரியோரில் எவரேனும் விட்டுக்கொடுக்க முன்வந்தால், உடனே கூடாரத்துக்கு அழைத்துச் சென்று அவர்தம் குலப்பெருமையை நினைவூட்டி மீண்டும் களத்துக்கு அனுப்புக. சமாதானம் வேண்டுமாயின், எக்காரணம் கொண்டும் அவர்களைச் சமாதானமாக விடலாகாது. இது ஆணை.