சுவர் சேராத அறை

ஜூன் 3

பாப்பாவின் அம்மாவுக்கு,

நான் நலம். அங்கே நீயும் பாப்பாவும் மாப்பிள்ளையும் பேத்தியும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். நான் சொல்லச் சொல்ல, எதிர்க்கடைத் தையல்காரர் எழுதுகிறார். நான் வாய்க்கு வந்தபடி சொல்வதை அவர் எழுத்து நடைக்கு மாற்றிவிடுகிறார். எங்காவது மரியாதை கூடுதலாகத் தெரிந்தால் அது அவருடையது. போனில் பேசினால் மூன்றாவது பேச்சிலேயே நமக்குள் மூண்டுவிடுகிறது. காகிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது.

மழையில் பின்சுவர் விழுந்த சேதியை மாப்பிள்ளை சொல்லியிருப்பார். மேஸ்திரி வந்து தட்டிப் பார்த்தார். "கடைக்கால் கெட்டியா இருக்கு பெரியவரே, மேலே இருக்கறது எல்லாம் போச்சு. இடிச்சுட்டு அதே கடைக்கால் மேல புதுசா கட்டிடலாம். எத்தனை பேருக்கு வீடு?" என்றார். நான் தண்ணீர் குடிக்க உள்ளே போய்விட்டேன். பேத்தி பிறக்கும்போது துணைக்குப் போனவள் நீ. அவள் பள்ளிக்கூடம் போகிற வயசுக்கு வந்துவிட்டாள், நீ இன்னும் வரவில்லை. சண்டை போட்டுக்கொண்டு போயிருந்தாலாவது சமாதானம் பேச ஆள் அனுப்பலாம். பையைத் தூக்கிக்கொண்டு சிரித்த முகமாக அல்லவா போனாய்! மேஸ்திரிக்கு நான் என்ன பதில் சொல்வது?

வீட்டுக்கு நீயே கம்ப்யூட்டரில் படம் போடப் போவதாகப் பாப்பா சொன்னாள். அதற்கென்று ஒரு சாஃப்ட்வேர் இருக்கிறதாமே. அது கோடு போடுகிறதா, சுவரே போடுகிறதா? கதவு வைத்தால் திறக்குமா? தப்பாகப் போட்டால் திட்டுமா, பேசாமல் இருந்துவிடுமா? எல்லாவற்றையும் விவரமாக எழுது.

அளவு கேட்டாயாம். டேப் எதற்கு, தலையிலேயே இருக்கிறது. கூடம் நீளம் பதினாறடி, அதை ஒட்டின அறை பத்தடி, இரண்டுக்கும் அகலம் பன்னிரண்டு. வெளியே தெருப்பக்கச் சுவர் முழு நீளம் இருபத்தெட்டே காலடி. கட்டி முடித்த அன்றைக்கு நானே அளந்தது. ஓர் அங்குலம் மாறாது.

இப்படிக்கு,
பாப்பாவின் அப்பா


ஜூன் 11

பாப்பாவின் அப்பாவுக்கு வணக்கம்.

கடிதம் கிடைத்தது. தையல்காரருக்கு என் நன்றி. உங்கள் மரியாதைக்குக் கை வைத்துத் தைத்தவர் அவர்தான் என்பது படித்ததுமே தெரிந்துவிட்டது.

அது திட்டாது. திட்டினால்கூடப் பரவாயில்லை. பேசாமல் இருந்து கழுத்தை அறுக்கிறது, உங்களைப் போல. முதல் நாள் கூடத்துக்குப் பதினாறு என்று அடித்தேன். அடியா, அங்குலமா, மீட்டரா என்று அது கேட்கவே இல்லை. அதுவாகவே மீட்டர் என்று எடுத்துக்கொண்டது. நம் கூடம் கல்யாண மண்டபமாகிவிட்டது. அளவு தெரிவதற்காக உள்ளே ஓர் ஆள் உருவத்தை நிற்க வைக்கலாம். வைத்தேன். தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. அமைப்புக்குள் போய் அடி என்று மாற்றிய பிறகு வீடு வீடாயிற்று.

இப்போது வேறொரு வம்பு. நாலு பக்கமும் சுவர் போட்டால் அது தானாகவே உள்ளே தரையை நிரப்பிவிடும். நம் அறைக்கு மட்டும் நிரப்பவில்லை. பெரிதாக்கிப் பார்த்தால் மூலையில் சுவர் சேரவில்லை, ஆள் நுழைகிற அளவுக்கு இடைவெளி. இழுத்துச் சேர்த்தால் தெருப்பக்கச் சுவரின் நீளம் குறைகிறது. அதைச் சரி செய்தால் மூலை திறந்துகொள்கிறது. மூன்று நாளாக இதே கூத்து. பாப்பா, "அப்பா ஞாபகத்துல சொன்ன அளவாம்மா?" என்று கேட்டுவிட்டுச் சிரிக்கிறாள்.

உங்கள் கணக்கு எங்கோ இடிக்கிறது. கோபப்படாமல் ஒன்று சொல்லுங்கள். அன்றைக்கு அளந்தபோது டேப்பின் நுனியை எங்கே பிடித்தீர்கள்?

இப்படிக்கு,
பாப்பாவின் அம்மா


ஜூன் 18

பாப்பாவின் அம்மாவுக்கு,

என் கணக்கு இடிக்கிறதாம்! எந்த ஊருக்கு எந்தப் பாலத்தில் திரும்ப வேண்டும் என்று போர்டு படிக்கத் தெரியாமலே லாரி ஓட்டினவன் நான். பாப்பாவுக்குச் சிரிப்பு வருகிறது என்றால் அவள் முதன்முதலாக நடந்தது எந்தக் கிழமை என்று கேள், சொல்கிறேன்.

டேப்பை எங்கே பிடித்தேனா? கூடத்துக்குள்தான். இந்தச் சுவரின் பூச்சிலிருந்து அந்தச் சுவரின் பூச்சு வரைக்கும். வீட்டுக்குள் இருக்கப் போகிறவன் உள்ளேதானே அளப்பான்? தெருப்பக்கத்தை மட்டும் வெளியே நின்று அளந்தேன், அது வெளியே இருப்பதால்.

இதைச் சொல்லி முடித்ததும் தையல்காரர் பேனாவை வைத்துவிட்டு, "அப்போ சுவரோட கனம் எங்கே போச்சு?" என்றார். "எங்கேயும் போகல, சுவரிலேயேதான் இருக்கு" என்றேன். மூன்று சுவர், ஒவ்வொன்றும் ஒன்பது அங்குலம். பதினாறையும் பத்தையும் கூட்டி, அதோடு இந்த மூன்றையும் சேர்த்துப் பார். என் இருபத்தெட்டே கால் வருகிறதா இல்லையா? உன் மிஷினுக்குச் சுவர் என்றால் கனமில்லாத கோடு என்று நினைப்பா? எந்த இடத்திலிருந்து அது அளக்கிறது? உள்முகத்திலிருந்தா, வெளிமுகத்திலிருந்தா, நடுவிலிருந்தா? அதை நாம் சொல்லி மாற்ற முடியுமா? சொன்னால் கேட்கிற ஜாதியா?

இன்னொன்று. அந்த ஆள் உருவம் எப்போதும் நின்றுகொண்டேதான் இருக்குமா? உட்கார வைக்க முடியாதா? கால் வலிக்குமே என்று கேட்டேன். தையல்காரர் இதை எழுத மாட்டேன் என்றார், மிரட்டி எழுத வைத்தேன்.

இப்படிக்கு,
பாப்பாவின் அப்பா


ஜூன் 27

பாப்பாவின் அப்பாவுக்கு வணக்கம்.

உங்கள் கணக்கு சரி. என் கணக்கும் சரி. சுவரின் நடுவிலிருந்து அளப்பதுதான் அதன் வழக்கமாம். ஓர் இடத்தில் "உள்முகம்" என்று மாற்றிவிட்டு, நீங்கள் சொன்ன அளவுகளை அப்படியே போட்டேன். கடைசிச் சுவரின் நுனியைக் கிட்டே கொண்டுபோனதும், அதுவாகவே துள்ளிப் போய் மூலையில் ஒட்டிக்கொண்டது. தரை நிரம்பியது. நான் கை தட்டினேன். பேத்தி ஓடி வந்து என்னவென்று தெரியாமலே அவளும் தட்டினாள்.

ஆள் உருவத்தை உட்கார வைக்கவும் முடிகிறது. தேடிப் பிடித்தேன். இந்த மாதிரிக் கேள்வியெல்லாம் உங்களுக்குத்தான் வரும்.

புது வீட்டின் முதல் படம் இதோடு வருகிறது. முதலில் அச்சடித்தபோது மேசை, அலமாரி, கட்டில் எதுவுமே வரவில்லை. அழிந்துபோயிற்று என்று அழாத குறைதான். அழியவில்லை. இதில் எல்லாவற்றையும் அடுக்கடுக்காக வைத்திருக்கிறார்கள். சுவர் ஓர் அடுக்கு, சாமான் ஓர் அடுக்கு, குழாய் ஓர் அடுக்கு. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு பல்பு. அதை அணைத்தால் அந்த அடுக்கு மறைந்துவிடும். சாமான் பல்பு அணைந்திருந்தது, அவ்வளவுதான். பிறகு படம் ஒரு தாளில் அடங்க மறுத்து, நாலு தாளில் வந்து விழுந்தது. அப்படியே அனுப்புகிறேன். ஒட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாத்திரை போடுகிறீர்களா? காலையில் போடுவதைக் காலையில் போடுங்கள்.

இப்படிக்கு,
பாப்பாவின் அம்மா


ஜூலை 5

பாப்பாவின் அம்மாவுக்கு,

நாலு தாளும் வந்தன. பசை இல்லாததால் தையல்காரர் மிஷினில் வைத்துத் தைத்தே கொடுத்துவிட்டார். தையலுக்குள் ஓர் ஓரம் மடிந்துபோய், முதலில் கக்கூஸ் பாதிதான் இருந்தது. பிரித்து மறுபடி தைத்தார். இப்போது சுவரில் மாட்டியிருக்கிறேன். எழுத்துத் தெரியாத எனக்கே படம் தெரிகிறது. வாசல், கூடம், படிக்கட்டு. கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்பதற்கு வளைவாக ஒரு கோடு போட்டிருக்கிறாயே, அது யாருடைய யோசனை? நல்ல யோசனை. விரலை வைத்து நடந்து பார்த்தேன். எங்கும் இடிக்கவில்லை.

அறைக்குள் விரல் போனதும் நின்றுவிட்டது. அங்கே ஒரு கட்டில்தான் இருக்கிறது.

சாமான் பல்பைச் சரியாகப் போட்டாயா? ஒரு பல்புக்குள் இன்னொரு பல்பு இருக்குமோ? ஒரு கட்டிலை ஓர் அடுக்கிலும் இன்னொன்றை வேறு அடுக்கிலும் வைத்துவிட்டால், ஒன்று தெரிந்து ஒன்று மறைந்துபோகுமா? அல்லது இரண்டு கட்டிலும் ஒன்றின் மேல் ஒன்றாகப் படிந்து, மேலே இருந்து பார்க்க ஒன்றாகத் தெரிகிறதா? அப்படியும் ஆகுமா? கொஞ்சம் பார்த்துச் சொல். மேஸ்திரி அவசரப்படுத்துகிறார். நான் அவரிடம், "மிஷின்ல ஏதோ கோளாறு, சரி பண்ணிட்டு இருக்காங்க" என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
பாப்பாவின் அப்பா


ஜூலை 14

பாப்பாவின் அப்பாவுக்கு,

கோளாறு ஒன்றும் இல்லை. எல்லாப் பல்பும் எரிகிறது. நான் ஒரு கட்டில்தான் போட்டேன்.

இரண்டாவது கட்டிலைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு எத்தனையோ தடவை உட்கார்ந்திருக்கிறேன். அறையில் இடம் இருக்கிறது. எனக்குத்தான் வைக்க மனசு வரவில்லை.

சிரித்துக்கொண்டே போனாய் என்று எழுதியிருந்தீர்கள். ஆமாம். சந்தோஷமாகத்தான் போனேன். அந்த வீடு கட்டும்போது நீங்கள் லாரியை வாசலில் நிறுத்தி, இன்ஜினைக்கூட அணைக்காமல் மேஸ்திரியிடம், "அடுப்பங்கரையை மேற்குப் பக்கம் போட்டுடுங்க" என்று சொல்லிவிட்டு ஏறிப் போனீர்கள். நான் கையில் பாப்பாவோடு பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். மதியம் முழுக்க வெயில் அந்த ஜன்னல் வழியாக என் முதுகில் விழும். ஒரு திரை போட்டேன், அதுவும் வெளுத்துப்போயிற்று. அங்குலம் தவறாமல் உங்களுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது. நான் அங்கே நின்றது மட்டும் ஞாபகத்தில் இருக்கிறதா என்று தெரியவில்லை.

இப்போது இந்தக் கடிதங்களை வரிசையாக வைத்துப் படித்தேன். கதவு திறக்குமா, எங்கிருந்து அளக்கிறது, அந்த ஆளுக்குக் கால் வலிக்காதா. இத்தனை கேள்வி கேட்கத் தெரிந்த மனுஷனோடா இத்தனை வருஷம் இருந்தேன் என்று ஆச்சரியமாக இருக்கிறது. எல்லாம் கம்ப்யூட்டரைப் பற்றி. என்னைப் பற்றி ஒன்றாவது கேட்டுப் பாருங்கள். கட்டிலை அப்புறம் பார்க்கலாம்.

பாப்பாவின் அம்மா


ஜூலை 23

பாப்பாவின் அம்மாவுக்கு,

கடிதத்தைத் தையல்காரர் வாசித்தார். வாசித்து முடித்ததும் ஒரு சட்டைக்குப் பொத்தான் வைக்க ஆரம்பித்துவிட்டார், என் முகத்தைப் பார்க்கவில்லை.

உடனே பதில் சொல்ல உட்கார்ந்தேன். "சாப்பிட்டியான்னு எழுதுங்க" என்றேன். "இது தெருவுல போறவனும் கேக்கறது" என்றார். "மூட்டு வலி எப்படி இருக்கு?" என்றேன். "அதை டாக்டர் கேட்டுக்குவார். வேற?" என்றார். ஊர் பேர் எல்லாம் வருகிறது, உன்னைக் கேட்க ஒரு கேள்வி வரவில்லை. எழுந்து வந்துவிட்டேன்.

மறுநாள் மதியம் அடுப்பங்கரைக்குப் போய் நின்றேன். கூரை பாதி இல்லை, ஆனால் மேற்குச் சுவரும் ஜன்னலும் அப்படியே இருக்கின்றன. அடுப்பு இருந்த பக்கம் பார்த்துத் திரும்பி நின்றேன். கொஞ்ச நேரத்தில் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. இன்னும் கொஞ்சம் நின்றேன். மேஸ்திரி வந்து, "என்ன பெரியவரே, வெயில்ல?" என்றார். "அளந்துட்டிருக்கேன்" என்றேன்.

இதுதான் என் கேள்வி. புது வீட்டில் உனக்கு அடுப்பங்கரை எந்தப் பக்கம் வேண்டும்? ஜன்னல் எங்கே வேண்டும்? நீ சொல்லும் வரைக்கும் செங்கல் இறங்காது. மேஸ்திரி வேறு வேலைக்குப் போய்விடுவேன் என்கிறார். போகட்டும் என்று சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு,
பாப்பாவின் அப்பா


ஆகஸ்ட் 2

பாப்பாவின் அப்பாவுக்கு வணக்கம்.

கேட்டீர்களே, அதுவே பெரிசு. ஆனால் கேள்வி கொஞ்சம் தடம் மாறிவிட்டது. நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று முதலில் கேட்டிருக்க வேண்டும். பரவாயில்லை, நானே சொல்கிறேன்.

கீழ்வீட்டு மருந்துக்கடைக்காரர் தன் வீட்டு மாடிக்குத் தானே போட்ட படத்தைத் திருத்தித் தரச் சொன்னார். அவர் போட்டிருந்த படிக்கட்டு மேலே ஏறினால் தலை கூரையில் முட்டும். அதைச் சரி செய்து கொடுத்தேன். அடுத்து அவர் தங்கை வந்தாள். அவள் போட்ட படத்தில் கூரை சுவரில் உட்காராமல் காற்றில் தொங்கியது, அதன் உயரத்தை வேறொரு மாடிக்குக் கொடுத்து வைத்திருந்தாள். இப்போது வாரத்துக்கு ஒருவராவது எதையாவது தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். மூக்குக் கண்ணாடி மாற்றிவிட்டேன். காலையில் உட்கார்ந்தால் நேரம் போவது தெரியவில்லை. இந்த வயசில் எனக்கு இப்படி ஒன்று அமையும் என்று நினைக்கவே இல்லை.

அதனால் எனக்கு வேண்டியது வடக்குப் பார்த்த ஒரு ஜன்னல். அதன் கீழே கம்ப்யூட்டர் வைக்க அகலமான ஒரு மேசை. கண் கூசாத வெளிச்சம். அவ்வளவுதான். அடுப்பங்கரை எந்தப் பக்கம் என்பதை நீங்களே சொல்லுங்கள், சமைக்கப் போவது நீங்கள். நான் அடுப்படியில் நின்றது போதும்.

இது விளையாட்டுப் பேச்சு இல்லை. இதற்குச் சம்மதமானால் எழுதுங்கள், இரண்டாவது கட்டிலைப் போட்டு அனுப்புகிறேன். இல்லையென்றால் கையில் இருக்கிற படத்தையே மேஸ்திரியிடம் கொடுத்துவிடுங்கள். அது ஒருவருக்கு நன்றாகத்தான் இருக்கும். எனக்கு வருத்தம் இல்லை.

இப்படிக்கு,
பாப்பாவின் அம்மா


ஆகஸ்ட் 9

பாப்பாவின் அம்மாவுக்கு,

அடுப்பங்கரை கிழக்குப் பக்கம்.

உன் படத்தில் அடுப்பு மேடையை உன் உயரத்துக்குப் போட்டிருக்கிறாய். பக்கத்தில் நீ எழுதியிருக்கிற உயரத்தைத் தையல்காரர் படித்துச் சொன்னார். அதில் நான் நின்று காய் நறுக்கினால் இரண்டே நாளில் இடுப்பு பிடித்துக்கொள்ளும். நேற்று அவர் டேப்பைப் போட்டு, தரையிலிருந்து என் முழங்கை வரைக்கும் பிடித்தார். மூன்றடி நாலு அங்குலம். அதற்கு எவ்வளவு கீழே மேடை வந்தால் கைக்குச் சௌகரியம் என்று உனக்குத்தான் தெரியும். மேடையை என் உயரத்துக்குத் திருத்தி அனுப்பு.

இப்படிக்கு,
பாப்பாவின் அப்பா