மஞ்சள் முடித் தேவதை

அன்புள்ளவளே,

நீ கையால் வரைந்து அனுப்பிய தேவதைப் படம் வந்து சேர்ந்தது. நன்றி சொல்ல மனம் வரவில்லை.

படத்தைப் பிரித்ததுமே மாமியார் அலறினார். "இதுவாடி தேவதை? மஞ்சத் தலையைப் பாரு! பிள்ளைத்தாச்சி நெஞ்சுல ஏறி அமுக்குற அல்பஸ்திப் பேய் இது. மாசமா இருக்கிறவளுக்கு எவளாச்சும் இதை அனுப்புவாளா?" உடனே என் தலையணைக்கு அடியில் கத்தியும் மிளகாயும் வைத்துவிட்டார்.

அல்பஸ்திக்குத்தான் மஞ்சள் முடி என்று நம் நமங்கான் ஊரில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். உனக்குத் தெரியாதா? உன் மகளை மண்ணுக்குக் கொடுத்ததிலிருந்து நீ என் வாசல் பக்கமே வரவில்லை. நான் முழுகாமல் இருக்கிறேன் என்று கேள்விப்பட்டதும் படம் மட்டும் வருகிறது, அதுவும் யாரோ ஒரு வண்டிக்காரர் கையில். உன் கண் என் வயிற்றில் பட்டுவிட்டது என்றுதான் நினைத்தேன்.

படத்தை எரிக்கச் சொன்னார் மாமியார். எனக்குக் கை வரவில்லை. அடுப்புக்கரியை எடுத்து அந்த முடியைக் கறுப்பாக்கினேன், ஓர் இழை விடாமல்.

மஞ்சள் மறைந்த பிறகுதான் முகத்தைப் பார்த்தேன். இடது கன்னத்தில் மட்டும் குழி. தலையில் மாதுளம்பூ போட்ட குல்லாய். உன் மகள் ஹுல்கருக்காக அதைத் தைத்தவளே நான்தானே! அதற்குள் அடங்காத அவளுடைய மஞ்சள் முடிச் சுருளை எத்தனை முறை முகர்ந்திருக்கிறேன்.

மஞ்சள் வண்ணத்தை எடுத்துக்கொண்டு வா. மாமியாரை நான் பார்த்துக்கொள்கிறேன்.

கரி போகாத கையோடு,
உன் தோழி