ஒன்று பத்துக்குக் கட்டிய நாடா

சீடர் ஃபோர்க், ஐடஹோ
19 செப்டம்பர் 1988

நோரிஸ் அவர்களுக்கு,

வெர்னா எழுதுகிறேன். விவாகரத்தான மூன்று வருஷத்தில் உங்களுக்கு எழுதும் முதல் கடிதம். போன் செய்திருக்கலாம். போனில் நீங்கள் பேசுவீர்கள், நான் கேட்டுக்கொண்டிருப்பேன். இருபத்திரண்டு வருஷம் அதைச் செய்தாயிற்று.

உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? என் கணுக்காலில் மாவுக்கட்டு போட்டிருக்கிறார்கள். கிறிஸ்துமஸுக்குள் நடந்துவிடலாம் என்கிறார் டாக்டர்.

விஷயத்துக்கு வருகிறேன். தீக்காவல் கோபுரத்துக்கு ஏறிப்போன நான் பாதை தவறி ஓல்சன் பள்ளத்தில் விழுந்து பதினோரு நாள் கிடந்தேன் என்று ஷெரீஃபிடம் சொன்னேன். தேடுதல் குழுவுக்குத் தலைவரான நீங்கள் பத்திரிகைக்காரனிடம், "அந்தப் பள்ளத்தை நாலாம் நாளே நான் இறங்கிப் பாத்துட்டேன், அங்க ஒருத்தரும் இல்ல" என்று சொல்லியிருக்கிறீர்கள். அதற்குப் பிறகு இந்த ஊரில் என்னால் முகம் காட்ட முடியவில்லை. தபால் நிலையத்தில் ஆர்டிஸ் ஸ்டாம்பைக் கிழித்துக் கொடுத்துக்கொண்டே, "எந்த ஓட்டல்ல ரூம் போட்டிருந்தே வெர்னா? மெத்தை நல்லா இருந்துச்சா?" என்றாள். வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நான் வேலை செய்யும் பள்ளிக்கூடத்துச் சமையலறைக்குள் என்னை விடவில்லை. விசாரணை முடியட்டும் என்கிறார்கள்.

அந்த விசாரணை அக்டோபர் ஆறாம் தேதி. நான் நாடகமாடினேன் என்று முடிவானால் வழக்குப் போடுவார்கள், வேலையும் போய்விடும். அதற்கு முன் நீங்கள் ஷெரீஃபைப் பார்த்து, அன்று நடந்தது என்னவோ அதைச் சொல்லிவிடுங்கள். வேறெதுவும் கேட்கவில்லை.

வெர்னா


சீடர் ஃபோர்க்
22 செப்டம்பர் 1988

வெர்னா,

நடந்ததைச் சொல்லச் சொல்கிறாய். சொல்லியாயிற்று, பத்திரிகையிலும் வந்தாயிற்று. வெட்டி ஒட்டி வைத்துக்கொள்.

ராத்திரி குப்பை கொட்டப் போவதற்கே டார்ச் எடுத்துக்கொண்டு என்னைத் துணைக்குக் கூப்பிட்டவள் நீ. உடைந்த காலோடு பதினோரு நாள் ஹக்கிள்பெரிப் பழமும் ஓடைத் தண்ணீரும் சாப்பிட்டு உயிரோடு வந்தாயாம். ஒன்பது பவுண்ட்தான் குறைந்திருக்கிறாய் என்று ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவர்களே சிரிக்கிறார்கள். ரேடியோவில் ஒருவன் போன் போட்டு, "அந்தப் பள்ளத்தோட அட்ரஸ் குடுங்க, என் பொண்டாட்டியையும் எளைக்க அனுப்பணும்" என்றான். பத்திரிகையில் வந்த உன் படத்தைப் பார்த்தேன். ஆஸ்பத்திரி வாசலில், தலையில் ரிப்பன் கட்டிக்கொண்டு. கருப்பு வெள்ளைப் படத்திலேயே அந்த ரிப்பன் அவ்வளவு எடுப்பாக இருந்தது. காட்டில் ரிப்பன் கடை வைத்திருந்த கரடி எது என்று குழுவில் எல்லோரும் என்னைக் கேட்கிறார்கள்.

எங்கள் வேலை முறை உனக்குத் தெரியும். ஒரு பள்ளத்தின் அடிவரை இறங்கித் தேடி, மறுபடி மேலே ஏறி வந்த பிறகுதான் விளிம்பிலுள்ள மரத்தில் நாடா கட்டுவோம். கட்டியவன் பெயரின் முதலெழுத்து, தேதி, மணி எல்லாம் அதில் எழுதியிருக்கும். நாடா கட்டிய இடத்துக்கு வேறு ஆள் மறுபடி போவதில்லை. ஓல்சன் பள்ளத்தின் மேல் என் நாடா இருக்கிறது. என் நாடா பொய் சொல்லாது.

எழுபத்தொன்பதில் என்னோடு சண்டை போட்டுக்கொண்டு சொல்லாமல் ஸ்போகேனுக்கு உன் அக்கா வீட்டுக்குப் போனாயே, நினைவிருக்கிறதா? மூன்று நாள் ஆற்றில் கம்பு விட்டுத் துழாவினோம். நீ அங்கே கேக் சாப்பிட்டுக்கொண்டிருந்தாய். இந்தத் தடவை யார் வீட்டுக் கேக்?

நோரிஸ் லிண்டால்


26 செப்டம்பர் 1988

நோரிஸ் அவர்களுக்கு,

எழுபத்தொன்பதில் நான் செய்தது தப்பு. அன்றே மன்னிப்புக் கேட்டேன், குழுவுக்கு ஒரு மாதம் சூப் காய்ச்சி ஊற்றினேன். அதையும் சேர்த்து எழுதியிருக்கலாம்.

ஒன்பது பவுண்ட் பற்றிக் கவலைப்படும் ரேடியோக்காரருக்குச் சொல்லுங்கள்: ஐம்பது வயதில் உடம்பு கிராம் கிராமாகத்தான் விட்டுக்கொடுக்கும். ஹக்கிள்பெரி தீர்ந்தபின் எறும்பு தின்றேன், புளிக்கும். அதைச் சொல்லியிருந்தால் இன்னும் இரண்டு வாரம் சிரித்திருப்பார்கள் என்றுதான் சொல்லவில்லை.

நாலாம் நாள் மழை. மத்தியானம் மேலே விசில் கேட்டது, மூன்று ஊதல். என் தொண்டை கட்டிப்போயிருந்தது. கல்லைக் கல்லில் தட்டினேன். ஓடை இரைச்சலில் எனக்கே அது சரியாகக் கேட்கவில்லை. இறங்கி வருவார்கள் என்று முடியைக் கோதிக்கூட விட்டுக்கொண்டேன். அடுத்த விசில் தூரத்தில் கேட்டது, அதற்கடுத்தது இன்னும் தூரத்தில்.

ஒரே ஒரு கேள்வி. அந்த மழையில் நீங்கள் அடிவரை இறங்கினீர்களா? யோசித்துப் பதில் எழுதுங்கள். அவசரமில்லை, பத்து நாள் இருக்கிறது.

வெர்னா


30 செப்டம்பர் 1988

வெர்னா,

யோசிக்க என்ன இருக்கிறது? இறங்கினேன். ஓடையில் முகம் கழுவினேன். அங்கே ஒரு எலிகூட இல்லை. என்னோடு வந்த எல்மர் கால் சுளுக்கி வண்டியிலேயே உட்கார்ந்துவிட்டான், அதனால் நான் தனியாகவே இறங்கி ஏறினேன். ஆறாம் தேதி பைபிள் மேல் கை வைத்து இதையே சொல்வேன்.

விசில், கல் தட்டினது எல்லாம் நன்றாகத்தான் எழுதியிருக்கிறாய். பத்திரிகைக்கு எழுது, போடுவார்கள். எனக்கு எழுதாதே. நீ அங்கே இல்லை என்று எனக்கு அன்றைக்கே தெரியும். உன்னை எனக்குத் தெரியாதா?

நோரிஸ்


3 அக்டோபர் 1988

நோரிஸ்,

இனி 'நீங்கள்' என்று எழுதக் கை வரவில்லை.

படத்தில் என் தலையில் இருந்த ரிப்பன் ஆரஞ்சு நிறம். கருப்பு வெள்ளையில் உனக்குத் தெரிந்திருக்காது. அதில் மை இன்னும் அழியவில்லை: நோ.லி., ஆகஸ்ட் 31, 1.10.

பத்தாம் நாள், இனி யாரும் வரப்போவதில்லை என்று முடிவு செய்து, ஒரு காலை இழுத்துக்கொண்டு அந்தப் பள்ளத்தைத் தவழ்ந்து ஏறினேன். ஒன்றரை நாள் ஆனது. விளிம்புக்கு வந்து முதலில் பிடித்த மரத்தில் இதுதான் கட்டியிருந்தது. கீழே யாரும் இல்லை என்று உன் கையெழுத்து சொன்னது. சட்டைப் பையெல்லாம் கிழிந்துவிட்டதால், தொலைந்துபோகாமல் இருக்க அவிழ்த்து முடியில் கட்டிக்கொண்டேன். ரோட்டை நோக்கித் தவழ்ந்தபோது உன் முந்தைய நாடாவும் கண்ணில் பட்டது. அதில் மணி 12.55. பதினைந்து நிமிஷம். அதற்குள் அடுத்த மரத்துக்கு நடந்து வந்து, பள்ளத்தில் இறங்கி, முகம் கழுவி, ஏறியும் வந்துவிட்டாய். உன் முழங்காலை நான் அநாவசியமாக விசாரித்துவிட்டேன். அந்த நாடாவை அங்கேயே விட்டிருக்கிறேன், யார் வேண்டுமானாலும் போய்ப் படிக்கலாம்.

மரத்தடியில் மெழுகுத் தாளும் கிடந்தது. சாண்ட்விச் சுற்றுகிற தாள். நடுவில் கிடந்த வெங்காயத் தோலைக்கூட மோந்து பார்த்தேன், அவ்வளவு பசி.

நீ என்னைக் கைவிட்டாய் என்பதில் எனக்குப் பெரிய ஆச்சரியமில்லை. நீ நாடா கட்டியதால் அதற்குப் பிறகு நாற்பது பேர் அந்தப் பள்ளத்தைத் தாண்டிப் போனார்கள் பார், அதைத்தான் பொறுக்க முடியவில்லை. முதல் நாளே ஷெரீஃபிடம் கொடுத்திருக்கலாம். நீயாகச் சொல்வாய் என்று காத்திருந்தேன். இரண்டு கடிதத்திலும் வாசலைத் திறந்து வைத்தேன். இது என் அசட்டுத்தனம், எழுபத்தொன்பதுக்குப் பிறகு நான் செய்த இரண்டாவது.

ஆறாம் தேதி அதே ரிப்பனைக் கட்டிக்கொண்டு முன்வரிசையில் உட்காருவேன். நீ முதலில் எழுந்து பேசினால் நான் தலையை அவிழ்க்க வேண்டியிருக்காது.

வெர்னா


14 அக்டோபர் 1988

அன்புள்ள வெர்னா,

எழுந்து பேசினேன். நீ பார்த்தாய். நீ ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை, அதற்கு நன்றி. நான் பேசி முடிக்கும்வரை அந்த ஆரஞ்சு முடிச்சைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

குழுவிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். அது நியாயம். ஆனால் ஊர் இப்போது வேறு பேசுகிறது. காபிக் கடையில் நான் உட்கார்ந்தால் பக்கத்து ஸ்டூல் காலியாகிறது. ஆர்டிஸ் என்னைப் பார்த்து, "பொண்டாட்டிய பள்ளத்துல விட்டுட்டு மேல உக்காந்து சாண்ட்விச் தின்னியாமே, உள்ள என்ன வச்சிருந்தே, பன்னிக்கறியா?" என்கிறாள். நீ செத்துப்போகட்டும் என்று நான் வேண்டுமென்றே விட்டுவந்ததாகப் பத்திரிகைக்கு ஏழு பேர் எழுதியிருக்கிறார்கள். நான் அப்படிப்பட்டவன் இல்லை என்று உனக்குத் தெரியும். நீ ஸ்போகேனில் இருக்கிறாய் என்று சத்தியமாக நம்பினேன். இல்லாதவளைத் தேடி மழையில் எதற்கு இறங்க வேண்டும் என்று நினைத்துவிட்டேன். வெட்கமாக இருக்கிறது வெர்னா.

ஞாயிற்றுக்கிழமை காபி குடிக்க உன் வீட்டுக்கு வரலாமா? நான் பேச மாட்டேன். நீ பேசு, நான் கேட்கிறேன்.

என்றும் உன்
நோரிஸ்


18 அக்டோபர் 1988

நோரிஸ் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. பள்ளிக்கூடத்தில் நேற்று வேலைக்குச் சேர்ந்தேன். மாவுக்கட்டோடு ஸ்டூலில் உட்கார்ந்துதான் பரிமாறுகிறேன்.

உங்களைக் கொலைகாரர் என்று எழுதியவர்களில் நான்கு பேர் போன மாதம் என்னை நாடகக்காரி என்று எழுதியவர்கள். பெயரைப் பார்த்தீர்களா? அந்தப் பள்ளத்துப் பக்கம் இன்றுவரை ஒருவரும் போகவில்லை. அவர்களுக்குப் பயந்து நீங்கள் தலைகுனிய வேண்டாம். பத்திரிகைக்கு நானே எழுதிவிட்டேன், சனிக்கிழமை வரும். "என் முன்னாள் கணவர் என்னைக் கொல்ல நினைக்கவில்லை. அவர் நனையாமல் சாப்பிட நினைத்தார். தயவுசெய்து அதற்கு மேல் அவரைப் பெரிதாக்க வேண்டாம்." இவ்வளவுதான். ஒரு வார்த்தையையும் மாற்றக் கூடாது என்று சொல்லியே கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம். மற்ற கிழமைகளிலும் வேண்டாம்.

நாடாவை ஷெரீஃப் கேட்கவில்லை, நானே வைத்துக்கொண்டேன். சமையலறையில் முடி விழாமல் கட்டிக்கொள்ள வசதியாக இருக்கிறது. பரிமாறும்போது பிள்ளைகள் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "நோ.லி.ன்னா யாரு?" என்று கேட்கிறார்கள். மழைக்குப் பயந்த ஒருத்தர் என்று சொல்லிவிட்டு அடுத்த தட்டை வாங்கிக்கொள்கிறேன்.

வெர்னா ஓக்ஸ்