நீ வாங்கி வந்த நான்கு ரப்பர் பேடுகள்

இன்று காலை வண்டியின் பின்சக்கரம் காற்றிறங்கித் தரையோடு படிந்து கிடந்தது. ஸ்டெப்னியை எடுக்க டிக்கியைத் திறந்ததும், வெயிலில் ஊறிய ரப்பர் வாசனை முகத்தில் அடித்தது. பழைய லுங்கித் துணியில் நீ சுற்றிக் கொடுத்த நான்கு பேடுகளும் அப்படியே இருந்தன. உள்ளங்கை அகலக் கறுப்பு வட்டம், நடுவில் ஒரு பள்ளம். ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு சும்மா நின்றேன்.

"சக்கரத்தைக் கழட்டப் போறீகளா, அதையே பாத்துக்கிட்டு நிக்கப் போறீகளா?" என்று வாசலிலிருந்து என் மனைவி கேட்டாள். பிறகு அவளுக்கும் என்ன நினைப்பு வந்ததோ, உள்ளே போய்விட்டாள்.

வருகிற ஆவணியோடு நீ போய் இரண்டு வருஷம், மாப்ளே.

விருதுநகர் ஐ.டி.ஐ.யில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் நாம். நான் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் பேப்பர் வெட்டும் மெஷினுக்குப் போனேன். நீ சாத்தூர்ப் பக்கம் பட்டாசுக் கம்பெனியில் சேர்ந்து ஃபோர்மேன் ஆனாய். நான் இந்தப் பழைய காரை வாங்கியபோது என்னைவிட உனக்குத்தான் சந்தோஷம். ஞாயிற்றுக்கிழமை என்றால் காலை பத்து மணிக்கு உன் பைக் சத்தம் தெருமுனையில் கேட்கும். ஆயில் மாற்றுவது, பிரேக் பார்ப்பது, சக்கரங்களை முன்னும் பின்னும் மாற்றுவது எல்லாம் நம் வீட்டு முற்றத்திலேயே நடந்தது. வேலை முடிந்ததும் உனக்குக் கறிக்குழம்பு வேண்டும். என் மனைவி உன்னைக் கேட்டுக்கொண்டுதான் உலையே வைப்பாள்.

அப்புறம் அந்த மாசி மாதம் வந்தது. உன் பொறுப்பில் இருந்த ஷெட் ஒன்று வெடித்து, உள்ளே இருந்த இரண்டு பெண்கள் இறந்துபோனார்கள். லோடு வண்டி வந்திருக்கிறது என்று நீ வாசல் கேட்டுக்குப் போயிருந்த நேரம். விசாரித்தவர்கள் உன் மேல் தவறில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். ஒரு மாதம் வீட்டில் இருந்துவிட்டு மறுபடி வேலைக்குப் போனாய். ஞாயிற்றுக்கிழமைகளில் முன்போலவே வந்தாய். ஆனால் எதைத் தொட்டாலும் இரண்டு தடவை சரிபார்த்தாய். ஹேண்ட்பிரேக் போட்டிருக்கிறதா என்று நான் பார்த்த பிறகும் நீ கதவைத் திறந்து பார்ப்பாய். முதலில் சிரித்தேன். போகப்போக எனக்கு எரிச்சல் வந்தது.

அந்த எரிச்சல்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வாயில் வந்தது. ஒர்க்‌ஷாப்பிலிருந்து டிராலி ஜாக்கி வாங்கி வந்திருந்தேன். கதவுக்கு அடியில் இரண்டு தகடுகளைச் சேர்த்துப் பற்றவைத்த விளிம்பு ஒன்று ஓடுமே, அதற்கு நேர்கீழே ஜாக்கியின் இரும்புத் தலையைத் தள்ளினேன். நீ குனிந்து பார்த்தாய்.

"இரும்பு மேல இரும்பை நேரா வைக்காத மாப்ளே. வழுக்கிரும். தகடும் மடங்கிரும். நடுவுல பள்ளம் போட்ட ரப்பர் பேடு வைக்கணும்."

"ரெண்டு சக்கரம் மாத்த எதுக்குலே இம்புட்டு ஆர்ப்பாட்டம்?"

"பத்து நிமிசம் பொறு. எங்க ஷெட்டுல தரையில விரிக்கிற ரப்பர் துண்டு ஒண்ணு வீட்ல கெடக்கு. பள்ளம் வெட்டி எடுத்துட்டு வாரேன்."

"அம்புட்டு சாக்கிரதையா இருக்கவன் ஷெட்டு ஏம்லே வெடிச்சுச்சு?"

காபி டம்ளரோடு வந்த என் மனைவி நின்ற இடத்திலேயே நின்றுவிட்டாள். நீ என்னைப் பார்க்கவில்லை. ஜாக்கியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாய்.

அப்போதே மன்னிப்புக் கேட்டிருக்கலாம். வீம்பில் வண்டியைத் தூக்கினேன். நீ கிளம்பிப் போயிருக்கலாம். போகவில்லை. என் பின்னாலேயே நின்றாய். சக்கரத்தைக் கழற்றி ஓரமாகச் சாய்த்தபோது நட்டு ஒன்று வண்டிக்கு அடியில் உருண்டு போனது. நான் தரையில் படுத்து, தோள் வரைக்கும் கையை உள்ளே விட்டேன். மேலே எங்கோ தகடு நெறிபடும் சத்தம். என்னவென்று எனக்குப் புரிவதற்குள் நீ என் காலரைப் பிடித்து இழுத்தாய். இரண்டு பொத்தான்கள் தெறித்தன. வண்டி ஜாக்கியிலிருந்து நழுவி, சக்கரம் இல்லாத அச்சு சிமெண்டுத் தரையில் குத்தி இறங்கியது.

வண்டியை மறுபடி தூக்கி, சக்கரத்தை மாட்டி முடிக்கும் வரை கூட இருந்தாய். அப்புறம் குழாயில் கை கழுவினாய்.

"அண்ணே, சாப்பிட்டுட்டுப் போங்க" என்றாள் என் மனைவி.

"பசிக்கலம்மா."

எட்டு மாதம் நீ வரவில்லை. இரண்டு தடவை உன் தெரு வரைக்கும் வந்து திரும்பிப் போனேன். கதவைத் திறந்து நீ "வா" என்று சொல்லிவிட்டால் அதற்கப்புறம் என்ன பேசுவது என்று தெரியவில்லை.

தீபாவளி சீசன் முடிந்து கம்பெனிக்கு லீவு விட்ட வாரத்தில், நீயே வந்தாய். கையில் லுங்கித் துணி மூட்டை. "வண்டியை வெளிய எடு" என்றாய், முந்தின வாரம்தான் வந்துபோனவன் மாதிரி.

ஆன்லைனில் வாங்கியிருந்தாய். ஜாக்கித் தலையில் பேடை உட்கார வைத்து, மெல்ல மேலே ஏற்றினாய். தகட்டு விளிம்பு அந்தப் பள்ளத்துக்குள் போய் உட்கார்ந்தது. பாரம் விளிம்பில் ஏறாமல் இரண்டு பக்கமும் பரவி நின்றது. ஒரு பேடில் மட்டும் பள்ளம் ஒடுக்கமாக இருந்தது. அதை அரம் வைத்துத் தேய்த்துச் சரி பண்ணினாய். ஏற்கெனவே மடங்கியிருந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்து, அதற்கு நாலு விரற்கடை தள்ளி வைத்தாய். வண்டி ஏறியதும் அடியில் தாங்குவதற்கு இரும்பு ஸ்டாண்டு கொடுத்துவிட்டுத்தான் நிமிர்ந்தாய்.

"அன்னைக்கு நான்..." என்று ஆரம்பித்தேன்.

"ஸ்பேனரை எடு மாப்ளே."

வேலை முடிந்து, கீழே கிடந்த ஸ்டெப்னியின் மேல் உட்கார்ந்து காபி குடிக்கும்போது நீயாகவே சொன்னாய்.

"ஷெட்டு வெடிச்ச அன்னைக்கு நான் ஒரு தப்பும் பண்ணலலே. யோசிச்சு யோசிச்சுப் பாத்துட்டேன். தப்பு பண்ணிருந்தா இனிமே அப்படிச் செய்யக் கூடாதுன்னு இருந்துக்கிடலாம். ஒண்ணுமே பண்ணலன்னா என்னத்தைத் திருத்த?"

அன்றைக்கு நீ சாப்பிட்டுவிட்டுப் போனாய். அது போதும் என்று இருந்தது.

சாத்தூர் பஸ் ஸ்டாண்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை என்று போன் வந்தபோது நான் மெஷினில் இருந்தேன். உன் வீட்டில் கூட்டத்துக்கு வெளியே, செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் தனியாக நின்றார். தாயில்பட்டிக்காரர். அந்த ஷெட்டில் இறந்த பெண்களில் ஒருத்தியின் புருஷன்.

"வருசா வருசம் மாசியில வீட்டுக்கு வருவாரு. ஒண்ணும் பேச மாட்டாரு. காபி குடிப்பாரு. அடுப்படிக்குப் போயி கேஸ் டியூப்பைக் குனிஞ்சு பாப்பாரு. போயிருவாரு" என்றார்.

எனக்கு நீ இதைச் சொன்னதே இல்லை.

அடுத்த மாசியில் நான் தாயில்பட்டிக்குப் போனேன். ஏன் போகிறேன் என்று மனைவியிடம்கூடச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அவர் காபி போட்டுக் கொடுத்தார். உன்னைப் போல எனக்குச் சும்மா இருக்கத் தெரியாதே. உன்னிடம் நான் கேட்ட அந்தக் கேள்வியை அவரிடம் சொல்லிவிட்டேன்.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"மொதத் தடவை வந்தப்ப நானும் அதைத்தான் கேட்டேன். வாசல்ல நிக்க வச்சே கேட்டேன். பதில் சொல்லாம போயிட்டாரு. இனி வரமாட்டாருன்னுதான் நெனச்சேன். அடுத்த வருசமும் வந்தாரு."

அடுப்படிக்குப் போய், சிலிண்டர் டியூப்பைக் குனிந்து பார்த்தேன். நீ மாற்றியதுதானாம். அதில் அச்சிட்ட காலாவதித் தேதிக்கு இன்னும் காலம் இருந்தது.

கிளம்பும்போது வாசல் வரைக்கும் வந்தார். "அவரு பேசவே மாட்டாரு. நீங்களாச்சும் பேசுறீக. வருசா வருசம் வாங்க" என்றார். இந்த மாசியிலும் போய்வந்தேன், மாப்ளே. அவர் பேத்தி பள்ளிக்கூடத்தில் சேர்ந்திருக்கிறாள். உன் பெயரைச் சொல்லி, "அந்தத் தாத்தா ஏன் வரல?" என்று என்னிடம் கேட்டாள். நான் அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, ஐ.டி.ஐ.யில் நாம் முதன்முதலாகப் பேசிய நாளிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.