துளையில்லாத சாவி

தீல்ட்,
14 அக்டோபர் 1973

அன்புள்ள இர்மா,

இங்கு நலம். அங்கே நீயும் உன் தங்கையும் நலமாக இருப்பீர்கள். பூட்டுக்குள் முறிந்து கிடந்த சாவித் துண்டை எடுத்தாயிற்று. இனி நீ வீட்டுக்கு வரலாம்.

எடை குறைய வேண்டுமென்று சைக்கிளின் பிரேக் பிடி, பல்சக்கரம் எல்லாவற்றிலும் துளை போட்டேன். பந்தயத்தில் என் சட்டைப்பையில் கிடக்கும் வீட்டுச் சாவியிலும் போட்டேன். கையோடு கையாக உன் சாவியிலும் போட்டது தப்புதான்.

இன்றைய திருவிழாப் பந்தயத்தில் ரொட்டிக்கடை ஆல்பெரிக் தன் கனத்த பழைய வண்டியில் என்னைத் தாண்டிப் போனான். எங்கே தவறு என்று தெரியவில்லை. இருக்கைக் கம்பியில் துளை போட இன்னும் இடம் இருக்கிறது.

உன்,
மௌரிட்ஸ்


நியூபோர்ட்,
20 அக்டோபர் 1973

மௌரிட்ஸுக்கு,

அரைச் சாவியோடு மூன்று மணி நேரம் மழையில் நின்றேன். நீ வந்ததும் கேட்ட முதல் கேள்வி, "எந்தத் துளைகிட்ட ஒடைஞ்சுது, காட்டு." அதற்காகத்தான் கிளம்பினேன், சாவிக்காக அல்ல.

பதினோரு வருடமாகப் பார்க்கிறேன். வண்டியின் மேல் உட்காரும் நேரத்தைவிட அதன் பக்கத்தில் உட்காரும் நேரம்தான் உனக்கு அதிகம். என்னிடமும் அப்படித்தான். பிறந்தநாளுக்குக் காதணி தவறாமல் வரும். சாப்பாட்டு மேசைக்கு நீ வரமாட்டாய்.

முதலில் போய் ஓட்டு. மெதுவாக, நெடுந்தூரம், தினமும்.

இர்மா


தீல்ட்,
19 நவம்பர் 1973

அன்புள்ள இர்மா,

துளைக்கருவி ஒரு மாதமாகப் பெட்டிக்குள் கிடக்கிறது. தினமும் ஆல்பெரிக்கோடு ஓட்டுகிறேன். ரகசியம் என்னவென்று கேட்டால் சிரிக்கிறான். "நீ துளை போட்டுக்கிட்டிருந்தப்ப நான் ஓட்டிக்கிட்டிருந்தேன். அவ்வளவுதான்டா."

பெட்ரோல் தட்டுப்பாட்டால் ஞாயிறுகளில் கார் ஓடக் கூடாதென்று உத்தரவு அல்லவா, நேற்று சாலை முழுவதும் எனக்கே. மூடுபனிக்குள்ளிருந்து மரங்கள் ஒவ்வொன்றாக வந்து, பார்த்துவிட்டுப் போயின. கால்கள் தாமாகச் சுற்றின. ஒரு பசு கனவில் கேட்பதுபோல எங்கோ கத்தியது. எவ்வளவு நேரம் ஓட்டினேனோ தெரியாது. உப்புக் காற்று முகத்தில் பட்டபோதுதான் உங்கள் ஊர் என்று புரிந்தது.

துறைமுகக் குழாயில் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பினேன். கதவைத் தட்டத் தைரியம் வரவில்லை. நீ இல்லாமல் எனக்கு வீடு பிடிக்கவில்லை, இர்மா.

உன்,
மௌரிட்ஸ்


நியூபோர்ட்,
11 டிசம்பர் 1973

அன்புள்ள மௌரிட்ஸ்,

தங்கை ஜன்னலில் நின்றபடி கேலி செய்கிறாள். "அக்கா, உன் வீட்டுக்காரரு நாலாவது வாரமா வந்து தண்ணி குடிச்சிட்டுப் போறாரு. நம்ம ஊருத் தண்ணி அவ்ளோ ருசியா?"

நானும் திரைக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். நீ ஒருமுறைகூடக் குனிந்து வண்டியைப் பார்க்கவில்லை. இந்த வீட்டைத்தான் பார்த்தாய்.

இதோடு இந்த வீட்டுச் சாவியை அனுப்புகிறேன். பழைய இரும்பு, கனமாக இருக்கும். ஞாயிறன்று இறால் சூப் வைப்பேன்.

இர்மா


தீல்ட்,
14 டிசம்பர் 1973

அன்புள்ள இர்மா,

சாவி கிடைத்தது. பழக்கதோஷம், தராசில் வைத்துவிட்டேன். முள் நிற்பதற்குள் எடுத்துவிட்டேன்.

ஒரு மணிக்குச் சாப்பிட வந்துவிடுவேன்.

உன்,
மௌரிட்ஸ்