வயிற்றுவலிக்காரியின் அம்மாவுக்கு

அன்புள்ள என் பட்டாளத்துக்காரிக்கு,

இருவரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். பேனா ஓடவில்லை. நான் நலம். குட்டிக்குத்தான் ஒரு மாதமாக வயிற்றுவலி.

பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில் சுருண்டு படுத்துக்கொள்கிறாள். கள்ளவலி என்று முதலில் சத்தம் போட்டேன். அப்புறம் வாந்தி எடுத்தாள். இளைத்துவிட்டாள். சீருடையை இரண்டு தடவை பிடித்துத் தைத்துவிட்டேன். அப்பன் தையற்காரனாக இருப்பதில் அவளுக்கு அந்த ஒரு லாபம்தான்.

இந்த ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் டோக்கன் வாங்கி மூன்று முறை காத்திருந்தோம். பழைய ஊரிலிருந்து அவளுடைய ஃபைல் இன்னும் வரவில்லை. உன் மாற்றலோடு ஐந்து வருஷத்தில் நான்கு ஊர். எந்த ஊசி எங்கே போட்டது என்று எனக்கே குழம்புகிறது. மறுபடியும் ரத்தம் எடுத்துப் பார்த்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்றார்கள்.

நேற்று ஒரு புது டாக்டரம்மா இருந்தார். சீட்டில் அப்பாவின் தொழிலுக்கு மட்டும்தான் கட்டம். அவர் சீட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "வீட்டுல வேற யாரு இருக்காங்க, கண்ணு?" என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் அவளே சொன்னாள்: "அம்மா எல்லையில இருக்காங்க. அவங்களுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா வீட்டுக்குத்தானே வந்து சொல்லுவாங்க? நான் ஸ்கூல்ல இருந்தா எனக்கு எப்படித் தெரியும்?"

இத்தனை நாளும் நம் வாசலுக்குக் காவல் இருந்திருக்கிறாள். நான் பக்கத்திலேயே மிஷினை மிதித்துக்கொண்டு இருந்திருக்கிறேன்.

முதல் நாளே இதை இங்கே யாராவது கேட்டிருக்க வேண்டும் என்று டாக்டரம்மா முணுமுணுத்தார். வாராவாரம் கூட்டி வரச் சொன்னார், டீச்சரிடமும் பேசுகிறாராம். அம்மா ஏதாவது ஒரு கிழமையில் தவறாமல் போனில் பேச முடியுமா என்று கேட்டார். முடியாதுங்க என்றேன். லீவு எப்போது? தெரியாதுங்க. கிளிப்பிள்ளை மாதிரி அதையே சொன்னேன். குட்டி கை கழுவப் போனபோது, "அம்மாவுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு அவகிட்ட சொல்லிடட்டுமா டாக்டர்?" என்று கேட்டேன். "வேண்டாங்க, நம்ப மாட்டா" என்றார்.

இன்று காலையும் வலி இருந்தது. பள்ளி கேட் வரைக்கும் கையை விடவில்லை. "எந்தச் செய்தி வந்தாலும் அடுத்த நிமிஷம் இங்கே வந்து உன்கிட்ட சொல்லுவேன்" என்றேன். "ஓடி வரணும்" என்றாள். தலையாட்டினேன். அழுதுகொண்டேதான் உள்ளே போனாள்.

வா என்று உன்னைக் கூப்பிட முடியாது, தெரியும். முடிந்தபோது உன் கையெழுத்தில் அவளுக்கு ஒரு வரி எழுது. உடம்பைப் பார்த்துக்கொள். என்னை மட்டும் அந்தப் பள்ளிக்கூடத்துக்கு ஓட வைத்துவிடாதே, அம்மா.

உன்,
தையற்காரன்